ரேடியோ அக்கா ஏன் திட்டுவதில்லை?

"ஊஊஊ..." என்று சங்கு அலறியதும் நான்கு மாடிக் கட்டடம் மொத்தமும் படிக்கட்டு வழியாகக் கீழே கொட்டியது.

முதலில் வந்தவர் மூன்றாவது மாடி பல் டாக்டர். இடுப்பில் துண்டு, முகத்தில் பாதி மழித்த தாடி. அவருக்குப் பின்னால் கணக்கு டீச்சர் திறந்த மடிக்கணினியைத் தாம்பாளம் போல ஏந்திக்கொண்டு ஓடி வந்தார். திரைக்குள்ளிருந்து அவருடைய வகுப்புப் பிள்ளைகள், "டீச்சர், தீயா? டீச்சர், லீவா?" என்று ஆளுக்கொரு பக்கம் கத்தினார்கள். புதுமணத் தம்பதி ஒரே போர்வையைப் போர்த்திக்கொண்டு, நாலு கால் பிராணி ஒன்று படியிறங்குவது போல இறங்கினார்கள். வீட்டில் விலையுயர்ந்த பொருள்கள் எத்தனையோ இருக்க, குடியிருப்போர் சங்கச் செயலாளரின் மனைவி டீ வடிகட்டியை மட்டும் மார்போடு அணைத்துக் காப்பாற்றிக்கொண்டு வந்தார்.

வந்த வேகத்தில் ஒருவர் மேல் ஒருவர் மோதினார்கள். பிறகு ஊரெங்கும் பரவும் தொற்றுநோய் ஞாபகம் வந்து, மோதியவர்களே முறைத்தபடி தள்ளித் தள்ளி நின்றார்கள்.

சங்கை ஊதியவர் மோட்டார் அறை வாசலில் கம்பீரமாக நின்றுகொண்டிருந்தார். செயலாளரேதான். மூடிக்கிடக்கும் நூல் ஆலையில் வேலை பார்க்கும் மச்சானைப் பிடித்து, ஆலைச் சங்கையே கழற்றிக்கொண்டு வந்திருந்தார். நிறுத்தும் பொத்தானை மச்சான் தர மறந்துவிட்டதால், அது தானாக மூச்சு வாங்கி ஓயும் வரை எல்லாரும் காதைப் பொத்திக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது.

"யாருக்கு சார் சங்கு?" என்றார் பல் டாக்டர்.

"யாருக்கும் இல்ல. பயப்படாதீங்க. விடிஞ்சிருச்சு. அதைச் சொல்லத்தான் ஊதினேன். எல்லாரும் போய்ப் பல்லைத் தேய்ச்சுட்டு வேலையைப் பாருங்க."

பல் டாக்டர் வானத்தைப் பார்த்தார்.

"சார், இது சாயங்காலம்."

"மணி ஆறுய்யா."

"சாயங்காலம் ஆறு சார்."

"அதெப்படி அவ்வளவு உறுதியாச் சொல்றீங்க?"

 டாக்டருக்கும் அவ்வளவு உறுதி இல்லை. இப்போதுதான் தூங்கி எழுந்து முகம் மழிக்க ஆரம்பித்திருந்தார். வெளிச்சம் மஞ்சளாக இருந்தது. ஏறுகிற மஞ்சளா, இறங்குகிற மஞ்சளா என்று கட்டடம் முழுவதும் அண்ணாந்து பார்த்து யோசித்தது.

அந்த நேரம் பார்த்து ஆஸ்பத்திரி வேன் வந்து நின்றது. முதல் மாடி லிஃப்ட்காரர் இறங்கினார். ஆஸ்பத்திரியில் லிஃப்ட் இயக்குவது அவர் வேலை. 'லிஃப்டே இல்லாத கட்டடத்துல குடியிருக்கிற லிஃப்ட்காரன் நான்' என்று அவரே சொல்லிச் சிரிப்பார். ஊரடங்கில் மற்ற எல்லாரும் வீட்டுக்குள் முடங்கிக் கிடக்க, இந்தக் கட்டடத்திலிருந்து தினமும் வெளியே போய் வருகிற ஒரே ஆள் அவர்தான்.

எல்லாத் தலைகளும் அவர் பக்கம் திரும்பின.

"தம்பி, சரியான நேரத்துக்கு வந்தீங்க," என்றார் செயலாளர். "நீங்க வேலைக்குப் போறீங்களா, இல்ல வேலையிலேர்ந்து வர்றீங்களா?"

"வர்றேன் சார்."

செயலாளரின் முகம் காற்றுப் போன பந்தானது. "அப்போ இவ்வளவு நேரமா நான் காலை டீயா போட்டுக்கிட்டிருந்தேன்?" என்று அவர் மனைவி வடிகட்டியைப் பார்த்துக் கேட்டார். யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலையில் யாரும் இல்லை.

லிஃப்ட்காரர் நிமிர்ந்து பார்த்தார். கட்டடம் முழுக்கக் கீழே இறங்கியிருக்க, முதல் மாடியில் ஒரே ஒரு ஜன்னலில் மட்டும் ஓர் உருவம் தெரிந்தது. அவர் மனைவி. கம்பியைப் பிடித்தபடி அவரைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தாள். அவர் இரண்டு காலில் ஒழுங்காக நிற்பதைப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள்.

"பாத்தீங்களா? இதான். இதான் பிரச்சினையே," என்றார் செயலாளர்.

பிரச்சினை என்னவென்று புரிய வேண்டுமானால் அந்தக் கட்டடத்தின் நடுவயிற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். காற்றுக்கும் வெளிச்சத்துக்குமாக நடுவில் ஓர் இடைவெளி விட்டுக் கட்டியிருந்தார்கள். எல்லா வீட்டுச் சமையலறை ஜன்னலும், குளியலறை ஜன்னலும் அதைப் பார்த்தே திறக்கும். முதல் மாடியில் கரண்டி விழுந்தால் நான்காவது மாடியில் குழந்தை விழிக்கும்.

லிஃப்ட்காரரின் மனைவிக்குக் கட்டடத்தில் 'ரேடியோ' என்று பெயர். நேரில் அக்கா, முதுகுக்குப் பின்னால் ரேடியோ அக்கா. ஒவ்வொரு நாள் காலையும் கணவரை வேலைக்குக் கிளப்புவதற்காக அவள் திட்டுகிற திட்டு அந்த இடைவெளி வழியாக ஏறி, மொட்டை மாடிப் புறாக்களைக் கிளப்பிவிட்டுத்தான் ஓயும்.

அந்தத் திட்டுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. "குளிக்கிறீங்களா, இல்ல உள்ளேயே குடித்தனம் நடத்துறீங்களா?" என்று ஆரம்பித்தால், பல் டாக்டர் படுக்கையிலிருந்து எழுந்துகொள்வார். "ஈரத் துண்டுக்குக் கட்டில் கேக்குதா?" என்பது வந்தால் செயலாளர் இரத்த அழுத்த மாத்திரையை வாயில் போடுவார். "ஊர் முழுக்கப் பொத்தான் அமுக்குற மனுஷனுக்குச் சொந்தச் சட்டைப் பொத்தான் தெரியலை!" என்றதும் கணக்கு டீச்சர் பள்ளிக்கூடத்துக்குக் கைப்பையை எடுப்பார். கடைசியாக வருவது பரம்பரை. "உங்க பரம்பரையே அப்படித்தான்! உங்க தாத்தா அவர் கல்யாணத்துக்கே லேட்டா வந்தவர்!" அது வந்தால் பள்ளி வேன் தெருமுனை திரும்பிவிட்டது என்று பொருள். பிள்ளைகள் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடுவார்கள்.

யாரும் இதைத் திட்டமிட்டுச் செய்ததில்லை. மூச்சு விடுவது போல அது பாட்டுக்கு நடந்தது.

ஊரடங்கு வந்து, சில நாளில் அக்காவின் திட்டு நின்றது. அதோடு கட்டடத்தின் அச்சாணியும் கழன்றது.

கடிகாரம் இல்லையா என்று கேட்கலாம். இருந்தது. கையிலும் சுவரிலும் செல்போனிலும் இருந்தது. பல் டாக்டர் அதற்கும் பதில் வைத்திருந்தார். "கடிகாரம் மணியைக் காட்டும், எழுந்திருடான்னு சொல்லாது. அலாரம் வெச்சா அமுக்கிட்டுப் படுத்துருவோம். அக்காவை அமுக்க முடியுமா?"

அந்த டாக்டரே பல் தேய்த்துப் பல நாளாகியிருந்தது. தன் கிளினிக்கைப் பூட்டிவிட்டு வீட்டிலிருந்தவர், எப்போது தேய்ப்பது என்று தெரியாமல் தேய்ப்பதையே விட்டுவிட்டார். கணக்கு டீச்சர் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஆன்லைனில் பாடம் நடத்தினார். அதைவிடப் பயங்கரம், ஒரு பிள்ளை விடாமல் எல்லாப் பிள்ளைகளும் வந்திருந்தார்கள். செயலாளர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தைப் போனிலேயே நடத்தி முடித்தார். மறுவாரம் அதே கூட்டத்தை மறுபடி நடத்தினார். அதே தீர்மானத்தை அதே ஆட்கள் முன்மொழிந்து வழிமொழிந்தார்கள். புதுமணப் பெண் குளியலறையில் உட்கார்ந்து காரணமே இல்லாமல் அழுதாள். ஏன் என்று கணவன் கேட்டதற்கு, "இப்போ அழறதா தூங்குறதான்னு தெரியலை, அழுது பாத்தேன்" என்றாள்.

சங்கு அடங்கிய அந்தச் சாயங்காலம் செயலாளர் லிஃப்ட்காரரை விடவில்லை. வேலையிலிருந்து வந்ததும் வீட்டுக்குள் போகாமல், கட்டடத்தின் பின்னால் காவலாளியின் குளியலறையில் தலைக்கு ஊற்றிக்கொண்டு, உடுப்பை வாளியில் முக்கிவிட்டுத்தான் அவர் மாடியேறுவார். செயலாளர் குளியலறைக் கதவுக்கு வெளியே, எட்ட நின்றே பேச்சைத் தொடங்கினார்.

"தம்பி, வெக்கத்தை விட்டுக் கேக்குறேன். தங்கச்சி ஏன் உங்களைத் திட்டுறதில்லை?"

உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் நின்றது.

"எனக்கே தெரியலை சார்."

"ஏதாவது கோவமா?"

"கோவம்னா திட்டுவாளே சார்! கோவமே இல்லை. அதான் எனக்குத் தூக்கமே வரலை."

அவர் பொய் சொல்லவில்லை. கட்டடத்துக்குப் போனது நேரம். அவருக்குப் போனது மனைவி. அவள் அந்த வீட்டிலேயேதான் இருந்தாள். அவர் முன்னறையில் படுத்தார், அவள் உள்ளறையில் படுத்தாள். நோய்க்குப் பயந்து அவரே வகுத்த ஏற்பாடு அது. ஆனால் கதவுக்கு அந்தப் பக்கம் இருப்பவள் தன் மனைவிதானா என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. விடிவதற்கு முன்பே எழுந்து, தேய்த்த சட்டை, துடைத்த கண்ணாடி, சாப்பாட்டு டப்பா, சாவி எல்லாவற்றையும் நாற்காலியில் எடுத்து வைத்துவிட்டு, தெருப்பக்க ஜன்னலோரம் முக்காலியில் உட்கார்ந்துவிடுவாள். அவர் கிளம்பும்போதும் அங்கேயே. திரும்பும்போதும் அங்கேயே. மடித்த துண்டைப் பிரிப்பாள், மறுபடி மடிப்பாள். சாப்பாட்டில் கை வைப்பது பாதி நாள் இல்லை. வேறு ஊரில் கட்டிக்கொடுத்த மகள் போனில், "அப்பா, அம்மாகிட்ட என்ன சொன்னாலும் சரிம்மாங்கறாங்கப்பா. எனக்குப் பயமா இருக்கு," என்று அழுதாள்.

அவர் சும்மா இருக்கவில்லை. ஈரத் துண்டைக் கட்டிலில், அதுவும் அவள் தலையணை மேலேயே போட்டார். எடுத்துக் காயப்போட்டாள். துடைத்த தரையில் டீயைக் கொட்டினார். "பரவாயில்லைங்க," என்று துடைத்தாள். காலுக்கொரு செருப்பாக மாட்டிக்கொண்டு அவள் முன்னால் நாலு நடை நடந்து காட்டினார். ஒன்றைக் கழற்றி, சரியான ஜோடியை வைத்துவிட்டுப் போனாள். கடைசியில் துணிந்து மாமியாரையே இழுத்தார்.

"உங்க அம்மா வளர்த்த லட்சணம் அப்படி!"

அந்த வாக்கியத்துக்கு முன்பொரு முறை வீட்டில் ஒரு வாரம் அடுப்பெரியவில்லை. இப்போதோ அவள், "ஆமாங்க. பாவம், அவங்களும் தனியா இருக்காங்க," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் லிஃப்டில் ஏறிய பெரிய டாக்டர் ஒருவரிடம், இரண்டு மாடிகளுக்கு இடையில் தயங்கித் தயங்கிக் கேட்டார். "டாக்டர், என் சம்சாரம் இப்பல்லாம் திட்டுறதே இல்லை. என்ன பண்ணலாம்?"

"கொடுத்து வெச்சவன்யா நீ," என்று சொல்லிவிட்டு டாக்டர் அடுத்த மாடியில் இறங்கிப் போய்விட்டார்.

மொட்டை மாடியில் அவசரக் கூட்டம் கூடியது. கணக்கு டீச்சர் சாக்பீஸால் ஆளுக்கொரு வட்டம் போட்டிருந்தார். காம்பஸ் வைத்துப் போட்ட மாதிரி சுத்தமான வட்டங்கள். அவரவர் வட்டத்துக்குள் அவரவர் நின்றார்கள்.

"இது இனிமே ஒரு வீட்டு விஷயம் இல்ல," என்று செயலாளர் ஆரம்பித்தார். "ஒரு கட்டடத்தோட பொது வசதி. தண்ணி வரலைன்னா கேப்போம். கரண்ட் வரலைன்னா கேப்போம். திட்டு வரலைன்னா..."

"மாத்து ஏற்பாடு பண்ணலாம்," என்றான் போர்வைக் கணவன். "அக்காவுக்குப் பதிலா வேற யாராவது காலையில தங்களோட வீட்டுக்காரரைத் திட்டினா என்ன?"

அவன் சொல்லி முடிக்கவில்லை, செயலாளரின் மனைவி கையைத் தூக்கிவிட்டார்.

மறுநாள் காலை அது நடந்தது. மனைவி நன்றாகத்தான் ஆரம்பித்தார். குரலும் குறைவில்லை. ஆனால் செயலாளர் செயலாளராகவே இருந்தார். "நீ சொன்னதுல ரெண்டாவது விஷயத்துக்கு முதல்ல பதில் சொல்றேன்," என்றார். அவர் பதிலுக்கு மனைவி பதில் சொல்ல, அந்தப் பதிலுக்கு அவர் விளக்கம் கேட்க, பெண் பார்க்க வந்த நாளிலிருந்து எல்லா விவகாரமும் திறக்கப்பட்டது. வெயில் உச்சிக்கு வந்தும் சண்டை துண்டைத் தாண்டவில்லை. பொத்தான் வரட்டும் என்று கைப்பையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காத்திருந்த கணக்கு டீச்சர் அப்படியே சுவரில் சாய்ந்து தூங்கிப்போனார். அந்தக் கட்டடத்தில் அன்று காலை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும் நீடித்தது.

"மாத்து ஏற்பாடு வேலைக்காகாது," என்று அன்று சாயங்காலம் மறுபடி கூடிய மொட்டை மாடிக் கூட்டத்தில், தொண்டை கட்டிய குரலில் செயலாளரே தீர்ப்பு சொன்னார். "அக்கா திட்டுல ஒரு விசேஷம். லிஃப்ட்காரர் வாயைத் திறக்க மாட்டார்."

லிஃப்ட்காரர் அந்தக் கூட்டத்திலும் வாயைத் திறக்கவில்லை. எல்லாரும் கலைந்த பிறகு பல் டாக்டர் மட்டும் அவருடைய வட்டத்துக்கு எதிரே வந்து நின்றார்.

"அண்ணே, நான் பல்லுக்குத்தான் டாக்டர். மனசைப் பத்தி எனக்குத் தெரியாது. ஆனா ஒண்ணு சொல்லவா?"

"சொல்லுங்க டாக்டர்."

"வலிக்குதுன்னு கத்திக்கிட்டு வர்ற ஆளைப் பாத்து நான் பயப்படவே மாட்டேன். வலிச்சுக்கிட்டே இருந்துச்சு, திடீர்னு தானா நின்னுருச்சுன்னு சிரிச்சுக்கிட்டு வருவான் பாருங்க, அவனைப் பாத்தாத்தான் பயம். உள்ள நரம்பு செத்திருக்கும்."

லிஃப்ட்காரர் வட்டத்துக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார்.

"பிடுங்கணும்னு சொல்ல வரலைண்ணே," என்று டாக்டர் பதறினார். "இன்னும் உயிர் இருக்கான்னு தட்டிப் பாக்கணும். எங்க தட்டினா துள்ளுவாங்களோ அங்க தட்டணும். அவ்வளவுதான்."

எங்கே தட்டினால் துள்ளுவாள் என்று அவர் மறுநாள் முழுவதும் யோசித்தார். லிஃப்டில் ஏறுபவர்களிடம் 'மேலயா, கீழயா?' என்று கேட்பதை இப்போதெல்லாம் நிறுத்தியிருந்தார். நோயாளிகள் அந்தக் கேள்விக்கு அழுதுவிடுகிறார்கள். 'எந்த மாடி?' என்று மட்டும்தான் கேட்பார். அன்று அதைக்கூட மறந்து, சலவைத் துணி வண்டியை அறுவை சிகிச்சை மாடியில் இறக்கிவிட்டார். வீட்டுக்கு வரும் வழியில், வேனின் ஜன்னலில் தன் முகத்தைத் தானே பார்த்தபோது பொறி தட்டியது. கண்ணுக்குக் கீழே முகமே தெரியவில்லை. முகக்கவசம்தான் தெரிந்தது.

மறுநாள் காலை விடிந்தது. நிஜமான காலைதான், கணக்கு டீச்சர் கிழக்கே பார்த்து உறுதி செய்துவிட்டார். கட்டடம் முழுக்க விழித்திருந்தது. லிஃப்ட்காரர் ஏதோ செய்யப்போகிறார் என்ற செய்தி நடுவயிறு வழியாகக் கசிந்திருந்தது. எல்லாரும் தெருப்பக்க ஜன்னல்களில் தொற்றிக்கொண்டார்கள்.

நாற்காலியில் வழக்கம்போல எல்லாம் தயாராக இருந்தன. அவர் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டார். கண்ணாடியை விட்டுவிட்டார். டப்பாவை விட்டுவிட்டார். முகக்கவசத்தை எடுத்து, அவள் பார்க்கும்படி உற்றுப் பார்த்து, சட்டைப்பையில் திணித்துக்கொண்டு, வெறும் முகத்தோடு, "வர்றேன்" என்று சொல்லிவிட்டுக் கதவைத் திறந்தார்.

உள்ளேயிருந்து ஒரு சத்தமும் இல்லை.

படியிறங்கினார். வாசலைத் தாண்டினார். ஆஸ்பத்திரி வேன் தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது. இத்தனை நாளுக்குப் பிறகு தெருவில் ஒரு முழு மனித முகத்தைப் பார்த்த கட்டடம், ஏதோ அம்மணத்தைப் பார்த்துவிட்டதைப் போல 'ஐயய்யோ!' என்றது.

பின்னால் தடதடவென்று காலடிச் சத்தம். அவள்தான். வெறுங்காலோடு, தலை கலைந்து, கக்கத்தில் டப்பா, இடுப்பில் செருகிய கண்ணாடி. அவர் கண்ணை மூடிக்கொண்டு, அடைமழைக்குத் தலையைக் கொடுப்பது போல ஆனந்தமாக நின்றார். வரட்டும். பொத்தான் வரட்டும். பரம்பரை வரட்டும். தாத்தா வரட்டும்.

அவள் அவர் சட்டைப்பையிலிருந்து முகக்கவசத்தை உருவினாள். ஒரு காதில் மாட்டினாள். இன்னொரு காதில் மாட்டினாள். மூக்கின் மேல் அழுத்திவிட்டாள். பிறகு சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சரியாகப் போட்டாள். நோய் வந்ததிலிருந்து அவள் விரல் அவர் மேல் பட்டது அதுதான் முதல் தடவை. 

அவ்வளவுதான். வாய் திறக்கவில்லை.

"திட்டுங்க அக்கா!" என்று மேலேயிருந்து போர்வைப் பெண் அடக்க முடியாமல் கத்தினாள்.

அக்கா திட்டவில்லை.

"அக்காவுக்கு முடியலை போல," என்றார் பல் டாக்டர். "நாமளாவது ஆரம்பிச்சு வெப்போம்." கையைக் குவித்து வாயில் வைத்துக்கொண்டு, "யோவ் லிஃப்ட்காரரே! குளிக்கிறீங்களா, இல்ல உள்ளேயே குடித்தனம் நடத்துறீங்களா?" என்று கத்தினார்.

நடுத்தெருவில் நிற்கிற ஆளைப் பார்த்து அப்படிக் கேட்பது பொருத்தமில்லைதான். ஆனால் பொருத்தம் பார்க்க யாருக்கும் பொறுமை இல்லை. "ஈரத் துண்டுக்குக் கட்டில் கேக்குதா?" என்று செயலாளர் பால்கனியிலிருந்து முழங்கினார். "ஊர் முழுக்கப் பொத்தான் அமுக்குற மனுஷனுக்கு..." என்று கணக்கு டீச்சர் எடுத்துக் கொடுக்க, மடிக்கணினிக்குள்ளிருந்து பிள்ளைகள் அடுத்த அடியை வாய்ப்பாடு போல ஒரே குரலில் முடித்தார்கள். எதிர்க் கட்டடத்துக்காரர்கள்கூட வெளியே வந்து, காரணம் தெரியாமலே ஆளுக்கொரு திட்டுத் திட்டினார்கள். கடைசியில் எல்லா மாடியும் சேர்ந்து பரம்பரையை எட்டின. "உங்க தாத்தா அவர் கல்யாணத்துக்கே..."

"நிறுத்துங்க!"

ஆலைச் சங்கு தோற்றது. மொட்டை மாடியில் புறாக்கள் கூட்டமாகக் கிளம்பின.

ரேடியோ அக்கா இடுப்பில் கை வைத்து நிமிர்ந்து நின்றாள்.

"யாரைப் பாத்து யாரு திட்டுறது? இந்த மனுஷனைத் திட்ட இங்க எவருக்கு யோக்கியதை இருக்கு? பல் டாக்டரே, ஊரான் பல்லையெல்லாம் புடுங்குனீங்களே, உங்க பல்லுல பிரஷ் பட்டு எத்தனை நாளாச்சு? இங்க வரைக்கும் நாறுது! போய்த் தேய்ங்க! செயலாளர் சார், உங்களுக்குச் சங்கு ஊதுற வயசா, மாத்திரை போடுற வயசா? வாயில போடுங்க, நான் பாக்கணும்! ஏ போர்வை! ரெண்டு பேரும்தான்! அதைத் துவைச்சுக் காயப்போடுங்க, தானா எழுந்து நடக்கப்போவுது! டீச்சர், கணக்குல புலியாம், கிழமை எண்ணத் தெரியலை! இன்னைக்குத் திங்கக்கிழமை! புரிஞ்சுதா? திங்கக்கிழமை! ஏம்மா வடிகட்டி, நீ என்ன வேடிக்கை? அடுப்புல பால் பொங்குற வாசனை தெருவுக்கு வருது!"

 பிறகு கட்டடத்துக்குள் ஏதோ ஒன்று சரியான பள்ளத்தில் விழுந்து பொருந்திய மாதிரி எல்லாம் நகரத் தொடங்கின. குழாய்கள் திறந்தன. மூன்றாவது மாடியிலிருந்து வெறிபிடித்துப் பல் தேய்க்கும் சத்தம் கேட்டது. செயலாளர் நாக்கை நீட்டி, மாத்திரையைக் காட்டிவிட்டு விழுங்கினார். "திங்கக்கிழமை! திங்கக்கிழமையாம்!" என்று கணக்கு டீச்சர் கண்ணீரோடு பிள்ளைகளுக்கு அறிவித்தார். ஒரு போர்வை கம்பியில் வந்து விழுந்தது. ஜன்னல்கள் ஒவ்வொன்றாகக் காலியாகின. எங்கோ குக்கர் விசிலடித்தது.

தெருவில் லிஃப்ட்காரரும் அவர் மனைவியும் மட்டும் நின்றார்கள். வேன் வந்து பக்கத்தில் நின்று ஹார்ன் அடித்தது. அவள் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். கன்னத்தில் ரத்தம் ஏறியிருந்தது. அவளுடைய பழைய முகம் அது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். கவசத்துக்கு மேலே அவர் கண்கள் நிரம்பிவிட்டன.

"ஏறுங்க அண்ணே, லேட்டாவுது," என்றார் வேன் டிரைவர்.

அவர் ஏறவில்லை.

"ஊரையே திட்டித் தீத்துட்டே," என்றார். "செயலாளர் வீட்டம்மா வரைக்கும் ஆளாளுக்குப் பங்கு கிடைச்சிருச்சு. என்னை மட்டும் ஏம்மா விட்டுட்டே? நான் அப்படி என்ன தப்பு பண்ணினேன்?"

அவள் கண்ணாடியை முந்தானையில் துடைத்து, அவர் மூக்கில் மாட்டிவிட்டாள். சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்தாள். டப்பாவைக் கையில் கொடுத்தாள். கொடுத்த கையை எடுக்கவில்லை.

"அவங்கல்லாம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறவங்க, சாயங்காலமா ஒரு எட்டு மேல போயி மன்னிச்சுக்கோங்கன்னு சொல்லிட்டு வந்துருவேன். உங்களைத் திட்டி அந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டு, நீங்க திரும்பி வராமப் போயிட்டா, அந்தத் திட்டை நான் யார்கிட்ட போயிங்க திருப்பி வாங்குறது?"